விளக்கு எரிந்தால் போதுமா? – மடிக்கணினித் துளைகளின் கதை



சென்ற மாதம் எழுதிய பழைய கடற்கரைப் பதிவைப் படித்துவிட்டு, "கணினி பற்றியும் ஏதாவது எழுதுங்கள், எங்களுக்கும் புரிகிற மாதிரி" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நான் கணினி படித்தவன் அல்ல. பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, புதுச்சேரி அரசில் எழுத்தராகச் சேர்ந்து, 34 ஆண்டுகள் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் போன நவம்பரில் என் மடிக்கணினியின் ஒரு சின்னத் துளை எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. அதனால் ஒரு வயதான அம்மாவிடம் நான் தலைகுனிய நேர்ந்தது. அதைச் சொல்வதற்கு முன் அந்தத் துளையின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். வரலாறு தெரிந்திருந்தால் நான் அந்தத் தவறைச் செய்திருக்க மாட்டேன்.

கணினியில் ஒயரைச் செருகும் இடத்தை 'போர்ட்' என்கிறோம். பள்ளி நாட்களில் எனக்கு அந்தச் சொல் வேறு. பிரெஞ்சில் 'போர்' என்றால் துறைமுகம். எழுத்து ஒன்றுதான், கடைசி எழுத்தை மட்டும் உச்சரிக்க மாட்டோம். சுவரில் இருக்கும் மின்சார பிளக் பாயிண்டுக்குப் பிரெஞ்சில் 'ப்ரீஸ்' என்று பெயர். பிடிப்பது, பற்றுவது என்று பொருள் தரும் வினையிலிருந்து வந்த சொல். துறைமுகம், பிடிப்பு இரண்டுமே நல்ல பெயர்கள்தான். கப்பல் வந்து நின்றால் மட்டும் போதாது, சரக்கு இறங்க வேண்டும். பிளக் உள்ளே போனால் மட்டும் போதாது, பிடிப்பு இருக்க வேண்டும்.

எங்கள் அலுவலகத்துக்குக் கணினி வந்த காலத்தில் அதன் முதுகுப்புறம் பார்த்தால் பயமாக இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு விதமான துளை. பிரிண்டருக்கு 25 ஓட்டைகள் கொண்ட அகலமான ஒன்று. அந்தக் கேபிளைச் செருகி இரு பக்கமும் திருகாணி முடுக்க வேண்டும். இணை வழியில் பிரிண்டரை இணைக்கும் அந்த முறை 1970-இல் சென்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பிரிண்டரோடு பிறந்தது. மோடம் போன்றவற்றுக்குத் தொடர் போர்ட். அதன் அடிப்படைத் தரமான ஆர்.எஸ்.232 இன்னும் பழையது, 1960-ஆம் ஆண்டினது. விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் 6 ஊசிகள் கொண்ட வட்டத் துளைகள். அது 1987-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பி.எஸ்.2 கணினிகளோடு வந்தது. இரண்டு துளைகளும் ஒரே அச்சு என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றதைச் செருகிவிட்டு விழிப்போம். பின்னாளில்தான் விசைப்பலகைக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை என்று நிறம் வைத்தார்கள்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கணினி ஓடும்போது எதையும் செருகவோ பிடுங்கவோ கூடாது. அணைத்து, மாட்டி, மறுபடி இயக்க வேண்டும். மீறினால் மின்சுற்று போய்விடலாம். ஒரு பிரிண்டரைப் புதிதாக மாட்டுவதற்கு அரை நாள் போன காலம் அது.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டத்தான் 1990-களின் நடுவில் இன்டெல், ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட், காம்பாக் உள்ளிட்ட 7 நிறுவனங்கள் ஒன்றுகூடின. 1996 ஜனவரியில் யூ.எஸ்.பி. என்ற பொதுத் தரத்தின் முதல் பதிப்பு வெளிவந்தது. அதன் முக்கியச் சிற்பிகளில் ஒருவர் அஜய் பட். பரோடாவில் படித்து அமெரிக்கா சென்று இன்டெலில் பணியாற்றியவர்.

யூ.எஸ்.பி. என்பதன் கடைசி எழுத்து 'பஸ்'. நம்முடைய டவுன் பஸ்ஸேதான். 1826-இல் பிரான்சின் நாந்த் நகரில் ஸ்தானிஸ்லாஸ் போத்ரி என்பவர் யார் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம் என்று குதிரை வண்டிகளை ஓட்டினார். அந்த வண்டிக்கு 'ஓம்னிபஸ்' என்று பெயர் வந்தது. லத்தீனில் 'எல்லோருக்கும்' என்று பொருள். 1828-இல் பாரிசுக்கும் அந்த வண்டி வந்தது. பின்னர் மின்நிலையங்களில் எல்லாச் சுற்றுகளுக்கும் பொதுவாக ஓடும் செப்புப் பட்டைக்கு அந்தப் பெயர் போனது. அங்கிருந்து கணினிக்குள் வந்தது. ஆக, எல்லோரும் ஏறிக்கொள்ளக்கூடிய பொது வண்டிதான் யூ.எஸ்.பி.

ஆனால் பொது வண்டி என்றாலும் சீட்டு வாங்கித்தான் ஏற வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் இது முழுக்க முழுக்க அலுவலக நடைமுறை. ஒரு பொருளைச் செருகியதும் அதற்கு முதலில் மிகக் குறைந்த மின்சாரம் மட்டுமே உரிமை, 100 மில்லியாம்பியர். வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைப்பது போல. பிறகு கணினி கேட்கிறது: நீ யார்? உன்னைத் தயாரித்தவர் யார்? என்ன வேலை செய்வாய்? எவ்வளவு மின்சாரம் வேண்டும்? அந்தப் பொருள் தன் விவரத்தைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் 1 முதல் 127 வரை ஏதாவது ஓர் எண் ஒதுக்கப்படும். தபால் பதிவேட்டில் எண் போடுகிற மாதிரிதான். அதன் பிறகே 500 மில்லியாம்பியர் வரை அனுமதி. அந்தப் பொருளைக் கையாளத் தெரிந்த மென்பொருள் கணினிக்குள் இருந்தால் கோப்பு நகரும். இல்லையென்றால் 'அடையாளம் தெரியாத சாதனம்' என்று திருப்பி அனுப்பிவிடும்.

இந்த விசாரணை ஆரம்பத்தில் அவ்வளவு சுமுகமாக நடக்கவில்லை. 1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சி ஒன்றில் பில் கேட்ஸ் மேடையில் இருக்க, விண்டோஸ் 98-ஐக் காட்டுவதற்காக அவருடைய ஊழியர் ஒரு ஸ்கேனரைச் செருகினார். செருகினால் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும் என்பதைக் காட்டுவதுதான் நோக்கம். கணினி அப்படியே படுத்து, பெரிய திரை முழுக்க நீலமாகிவிட்டது. கூட்டம் சிரித்தது. உலகப் பெரும் பணக்காரருக்கே அந்தக் கதி என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம் என்று நான் பிறகு ஆறுதல் பட்டதுண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆப்பிள் நிறுவனம் ஐமாக் கணினியை வெளியிட்டபோது விசைப்பலகை, பிரிண்டர்களுக்கான பழைய துளைகளை நீக்கிவிட்டு யூ.எஸ்.பி.யை வைத்தது. அதன் பிறகு இந்தச் செவ்வகத் துளை எங்கும் பரவியது.

அந்தச் செவ்வகத் துளையை 'ஏ வகை' என்பார்கள். எந்தப் பக்கம் செருகுவது என்று தெரியாமல் மூன்று முறை திருப்புகிறோமே, அதுதான். இரு பக்கமும் செருகும்படி செய்தால் ஒயரும் சுற்றும் இரட்டிப்பாகும், விலை கூடும் என்பதால் அப்படி விட்டோம் என்று அஜய் பட்டே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

பலர் கவனிக்காத ஒரு விவரம் இருக்கிறது. பழைய ஏ வகை பிளக்குக்குள் எட்டிப் பார்த்தால் 4 தகடுகள் தெரியும். ஓரத்தில் இருக்கும் 2 தகடுகள் நீளம், நடுவில் இருக்கும் 2 தகடுகள் சற்றே குட்டை. நீளமானவை மின்சாரத்துக்கு, குட்டையானவை பேச்சுவார்த்தைக்கு. செருகும்போது மின்சாரம் முதலில் போய்ச் சேரட்டும், பிறகு பேசட்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஓடுகிற கணினியில் தைரியமாகச் செருக முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த நீளம், குட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கதைக்கு இது தேவை.

இனி சார்ஜ் ஏறும் விஷயம். எல்லாவற்றுக்கும் ஒரே துளை என்ற ஆசையில் பிரெஞ்சுக்காரர்களுக்கு முன்அனுபவம் உண்டு. 1980 முதல் பிரான்சில் விற்கும் புதிய தொலைக்காட்சிகளில் 'பெரிடெல்' என்ற 21 முனைத் துளை இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். பிரான்சிலிருந்த என் அண்ணன் கொண்டுவந்த பெட்டியின் பின்னால் அதை முதன்முதலில் பார்த்தேன். தடித்த, அழகில்லாத துளை. ஆனால் வீடியோ டெக்கையும் டி.வி.யையும் இணைக்க அந்த ஒரு கேபிள் போதும்.

நமது மடிக்கணினிகளுக்கு அந்த நாள் 2014 ஆகஸ்டில் வந்தது. 'சி வகை' என்னும் முட்டை வடிவச் சிறு துளை. 24 முனைகள், எப்படித் திருப்பிச் செருகினாலும் சரி. சார்ஜ், படம், தகவல் மூன்றும் அதன் வழியே போகலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் சட்டம் போட்டு, 2024 டிசம்பர் 28 முதல் கைபேசி போன்றவற்றுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினிகளுக்கும் இதையே பொதுவாக்கியது. இந்திய தர நிர்ணய அமைவனமும் சி வகைக்கான இந்தியத் தரத்தை வெளியிட்டிருக்கிறது.

துளை ஒன்றானதும் மக்கள், என்னையும் சேர்த்து, சார்ஜரும் ஒன்றாகிவிட்டதாக நினைத்துவிட்டோம். அங்கேதான் வம்பு.

சி வகை சார்ஜர், எதிரே யார் இருக்கிறார்கள் என்று உறுதியாகும் வரை மின்சாரமே கொடுக்காது. உறுதியானதும் 5 வோல்ட் தரும். பிறகு "என்னிடம் 5, 9, 15, 20 வோல்ட் இருக்கிறது, இவ்வளவு ஆம்பியர் தருவேன்" என்று பட்டியல் நீட்டும். மடிக்கணினி தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கும். பெரும்பாலும் 20 வோல்ட்டைத்தான் கேட்கும். பட்டியலில் அது இல்லை என்றால் சில கணினிகள் மெதுவாக ஏற்றிக்கொள்ளும், சில வாயே திறக்காது. கேபிளுக்கும் பங்குண்டு. 3 ஆம்பியருக்கு மேல் போக வேண்டுமானால் கேபிளுக்குள்ளேயே ஒரு சிறு சில்லு இருந்து, "என்னால் தாங்க முடியும்" என்று சாட்சி சொல்ல வேண்டும்.

போன அக்டோபரில் விடுமுறைக்கு வந்த என் பேத்தி, ஊருக்குப் போகும்போது என் மடிக்கணினி சார்ஜரை எடுத்துக்கொண்டு, தன் கைபேசி சார்ஜரை விட்டுவிட்டுப் போய்விட்டாள். இரண்டும் வெள்ளை, இரண்டுக்கும் ஒரே முனை. நான் செருகினேன், ஏறவில்லை. கடைக்குக் கொண்டுபோனேன். பையன் தன் கையில் இருந்த சார்ஜரைச் செருகிக்கூடப் பார்க்காமல், "போர்டு போயிருக்கும் சார், 9,000 ஆகும்" என்றான். வீட்டுக்கு வந்து பேத்திக்குப் போன் செய்து புலம்பினேன்.

"தாத்தா, சார்ஜர் மேல சின்ன எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படிங்க."

பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். 5 வோல்ட், 2 ஆம்பியர். அதாவது 10 வாட். என் கணினிக்கு வேண்டியது 65 வாட். 34 ஆண்டுகள் பிறருடைய மனுக்களில் சின்ன எழுத்தைப் படித்துக் குறை கண்டவன், என் கையிலிருந்த பொருளின் எழுத்தைப் படிக்கவில்லை. பேத்தி கூரியரில் அனுப்பிய சார்ஜர் வந்ததும் ஏறிவிட்டது. பாடம் கற்றுவிட்டேன் என்று நினைத்தேன். கற்கவில்லை என்பது அடுத்த மாதம் தெரிந்தது.

நவம்பர் மாதம் ஓய்வூதியர்களுக்கு உயிர்வாழ் சான்று மாதம். நம் ஊரில் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்கும் சொல்தா குடும்பங்களும் பிரான்சுக்கு அதேபோல் ஒரு சான்று அனுப்புவது உங்களுக்குத் தெரியும். எந்த அரசாக இருந்தாலும் நாம் உயிரோடிருப்பதை ஆண்டுக்கு ஒருமுறை நாமே நிரூபிக்க வேண்டும். இந்திய அரசு 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து, கைரேகைக் கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, தெரிந்தவர்களுக்குத் திண்ணையிலேயே அந்த வேலையைச் செய்து தருகிறேன்.

அப்படி வந்தார் ஓர் அம்மா. வயது 86. கணவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியம்தான் ஆதாரம். முத்தியால்பேட்டையிலிருந்து ஆட்டோவில் வந்திருந்தார். கருவியைச் செருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. விரலை வைக்கச் சொன்னேன். திரையில் ஆங்கிலத்தில் ஏதோ வந்தது, 'சரி'யை அழுத்தினேன். மறுபடி வைக்கச் சொன்னேன். மறுபடி அதே. பத்து விரல்களையும் வைத்துப் பார்த்தாயிற்று.

"அம்மா, உங்க ரேகை தேஞ்சு போச்சு. அதான் எடுக்க மாட்டேங்குது. எண்ணெய் தடவிட்டு நாளைக்கு வாங்க" என்றேன்.

அவர் தன் விரல்களை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "ஆமா தம்பி. அஞ்சு பிள்ளைங்க, அத்தனை பேருக்கும் துவைச்ச கை" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். மறுநாளும் அதேதான். அப்போதும் நான் அதையேதான் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை ஒருவர் வந்தார். ஓய்வு பெற்று ஓராண்டுதான் ஆகிறது. நல்ல திடமான கை. அவருக்கும் எடுக்கவில்லை! அப்போதுதான் முதல் முறையாகத் திரையில் வந்த வாசகத்தை முழுமையாகப் படித்தேன். 'ரேகை பொருந்தவில்லை' என்று அதில் இல்லை. 'சாதனம் இணைக்கப்படவில்லை' என்றிருந்தது. இரண்டு நாளும் அதைத்தான் அது சொல்லிக்கொண்டிருந்தது.

கருவியைப் பிடுங்கி வலப்பக்கத் துளையில் செருகினேன். உடனே எடுத்துக்கொண்டது. டார்ச் அடித்து இடப்பக்கத் துளையைப் பார்த்தேன். நடுவில் இருக்கும் இரண்டு தகடுகளிலும் பச்சையாகக் களிம்பு. நம் ஊர்க் கடற்காற்று செய்த வேலை. ஓரத்து நீளத் தகடுகள் தொட்டுக்கொண்டிருந்தன, அதனால் விளக்கு எரிந்தது. குட்டைத் தகடுகள் தொடவில்லை, அதனால் பேச்சு இல்லை. விளக்கு எரிவதைப் பார்த்து, கருவி நன்றாக இருக்கிறது, குறை விரலில்தான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராமலிருக்க, நான் இப்போது பின்பற்றும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் திரையில் வருவதைப் படியுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் படம் எடுத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். அடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் வேறு துளை, பிறகு வேறு கேபிள், பிறகு வேறு சார்ஜர். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. சில கேபிள்களில் சார்ஜ் ஒயர் மட்டுமே இருக்கும், தகவல் ஒயரே இருக்காது. சில கணினிகளில் இரண்டு சி துளைகள் இருந்தாலும் ஒன்றில்தான் சார்ஜ் ஏறும். பக்கத்தில் பிளக் அல்லது மின்னல் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

சார்ஜரின் சின்ன எழுத்தில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். பழைய சார்ஜரில் இருந்த வாட்டுக்குக் குறையக் கூடாது.

பிறகு டார்ச். சி வகைத் துளையில் பஞ்சும் தூசியும் அடைந்து, பிளக் முழுதாக உள்ளே போகாமல் நிற்பது அடிக்கடி நடக்கும். கணினியை முழுவதும் அணைத்து, சார்ஜரை எடுத்துவிட்டு, மரத்தாலான பல்குத்தும் குச்சியால் மெல்ல எடுங்கள். ஊக்கு, குண்டூசி வேண்டவே வேண்டாம். வாயால் ஊதவும் கூடாது, எச்சில் ஈரம் களிம்புக்குத்தான் உதவும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால், சார்ஜரைப் பிடுங்கி, கணினியை அணைத்து, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி இயக்குங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து, சில நேரம் வழிக்கு வரும். விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' என்ற பட்டியலில் யூ.எஸ்.பி. பகுதியில் மஞ்சள் முக்கோணம் இருந்தால், அந்த வரியை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கினால் கணினி புதிதாக விசாரித்துப் பதிவு செய்யும். சிறிது நேரம் வேலை செய்துவிட்டுக் கருவி தூங்கிப்போனால், அதே இடத்தில் யூ.எஸ்.பி. ஹப்பின் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில், மின்சாரம் மிச்சம் பிடிக்க அணைத்துவிடலாம் என்றிருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

பிளக் ஆடினால், துளை சுட்டால், கருகிய வாடை வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். அது கடைக்காரர் வேலை. ஆனால் 'போர்டு முழுக்கப் போச்சு' என்றால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தத் துளையை மட்டும் மாற்ற முடியுமா என்று இன்னொரு கடையிலும் கேளுங்கள்.

அன்று மதியமே கணினியைப் பையில் போட்டுக்கொண்டு முத்தியால்பேட்டைக்குப் போனேன். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து இரு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"ரெண்டு நாளா எலுமிச்சம்பழம் தேய்ச்சேன் தம்பி. பாத்திரம்கூடக் கழுவல. இப்ப விழுமான்னு பாருங்க."

வலப்பக்கத் துளையில் செருகி, விரலை வைக்கச் சொன்னேன். முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது. 86 வயது அம்மா உயிரோடிருக்கிறார் என்று அரசாங்கம் ஏற்றுக்கொண்டது.

பேசாமல் வந்திருக்கலாம். எலுமிச்சம்பழம்தான் காரணம் என்று அவர் நம்பியிருப்பார். ஆனால் என் பணிக்காலத்தில் எத்தனை பேரை, குறை நம் பக்கமா அவர்கள் பக்கமா என்று பார்க்காமலேயே "நாளைக்கு வாங்க" என்று அனுப்பியிருப்பேன் என்ற நினைப்பு வந்துவிட்டது. "அம்மா, உங்க விரல்ல எந்தக் குறையும் இல்ல. என் மிஷின்லதான் கோளாறு. நான் பார்க்காம சொல்லிட்டேன், மன்னிக்கணும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது எப்படி தம்பி? வெளக்கு எரிஞ்சுதே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் முதல் நாளே எனக்குள் கேட்டிருக்க வேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நீளத் தகட்டையும் குட்டைத் தகட்டையும் விரலால் காட்டி விளக்கினேன். காபி கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

என் கணினியின் இடப்பக்கத் துளையில் இப்போது ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். 80 வயதுக்கு மேற்பட்டவர்கள் அக்டோபரிலேயே சான்று கொடுக்கலாம். ஆதார் அட்டை, ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி ஆகியவற்றோடு வழக்கம்போல் திண்ணைக்கு வாருங்கள். வர முடியாதவர்கள் சொல்லி அனுப்புங்கள், நானே வருகிறேன்.